ஆக்சிமீட்டர் எனக்கு 91 காட்டியது, படியேற முடியாமல் நின்றதும் நான்தான்

லடாக்கில் இருக்கிற லே ஊருக்குப் போவதற்கு முன் 1,400 ரூபாய்க்கு, விரல் நுனியில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கினோம். கம்பெனி பெயர் சொல்லவில்லை, இந்த விலைக்குக் கிடைப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே ரகம்தான். 5க்கு 3 நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த இரண்டை ஏன் குறைத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் கருவி பழுதாகவில்லை. அது சரியாகத்தான் காட்டியது.

லே 3,500 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைகிறது. சென்னையில் இரண்டு பேருக்கும் 98 காட்டிய மெஷின், விமானம் இறங்கிய மறுநாள் காலையில் எனக்கு 91, எங்கள் வீட்டுக்காரருக்கு 86 காட்டியது. பார்த்தீங்களா, தினமும் வாக்கிங் போகிற ஆளுக்கு 86ஆ என்று நான் கிண்டல் வேறு செய்தேன்.

அவர் சாதாரணமாக மாடிக்கும் கீழுக்கும் போய்வந்தார். நான் ஆறாவது படியில் நின்றுவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, காதுக்குள் இரைச்சல். மெஷினை மாட்டிப் பார்த்தால் மறுபடி 90, 91. கருவிதான் கோளாறு என்று நினைத்து மாற்றி மாற்றி மாட்டினேன். இடது கையில் தொப்பி வைத்த மருதாணி இன்னும் கறுப்பாக இருந்ததால் அதில் எண் தடுமாறியது, வலது கையில் நிலையாக வந்தது. விரல் ஜில்லென்று இருந்தாலும் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, அரை நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் டப்பாவில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, யார் படிக்கிறார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் பீரியட்ஸ் மூன்றாம் நாள். எனக்கு எப்போதுமே அதிகமாகப் போகும். கிளம்புவதற்கு முன் எடுத்த டெஸ்டில் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் குறைவாக, 9.5தான், இரும்புச்சத்து மாத்திரையை மலச்சிக்கல் வருகிறது என்று பாதியில் நிறுத்தியவள் நான். விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாக அனுப்பி, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று கணக்குப் பார்க்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பத்து லாரி ஓட வேண்டிய இடத்தில் ஆறுதான் ஓடுகிறது, ஆறும் நிறைய லோடு ஏற்றியிருக்கிறது, உடனே மெஷின் சபாஷ் என்கிறது.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமாராக 1.34 மில்லி ஆக்சிஜன் பிடிக்கும். அவருக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 15 கிராம், அதில் 86 சதவீதம் என்றால் ஆக்சிஜன் 17 மில்லிக்குக் கொஞ்சம் மேல். எனக்கு 9.5 கிராம், அதில் 91 சதவீதம், 12 மில்லிகூட இல்லை. கிண்டல் செய்தவள் கதை இது. உயரத்துக்குப் போனதும் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜையை முடுக்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் புது சிவப்பணுக்கள் கணிசமாகச் சேர வாரக்கணக்கில் ஆகும், அதற்கு இரும்புச்சத்தும் வேண்டும். ஒரு வார டூருக்கு அது உதவாது. பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு ரத்ததானம் செய்தவர்களுக்கும் இதே கணக்குதான்: தண்ணீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணு ஈடாகப் பல வாரம்.

அன்று ராத்திரி அவருக்கு மூக்கில் ரத்தம். ஊர்ப்பழக்கத்தில் தலையை அண்ணாந்து பிடித்தார், ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி. ஹோம்ஸ்டே வீட்டம்மா அமா-லே ஓடிவந்து அவர் தலையை முன்னால் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பத்து நிமிடத்தில் நின்றது. வறண்ட குளிர்காற்றில் மூக்கின் முன்பகுதி காய்ந்து வெடிப்பதுதான் காரணம், அதற்கும் ஆக்சிஜன் எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

காலையில் டாக்டரிடம் போனோம். மூக்கு ரத்தத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருமும்போது இளஞ்சிவப்பாக நுரை வருகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, நடை தள்ளாடுகிறதா என்றுதான் துருவித் துருவிக் கேட்டார். அதில் எது இருந்தாலும் மெஷின் என்ன காட்டினாலும் உடனே கீழே இறங்கியாக வேண்டுமாம். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் என் 9.5ஐக் கேட்டதும் இன்னும் உயரத்தில் இருக்கிற கர்துங் லா கணவாய், பாங்காங் ஏரி இரண்டையும் எங்கள் திட்டத்திலிருந்து அடித்துவிட்டார். வண்டிக்குக் கொடுத்த முன்பணம் போனது.

சரி, வாங்கலாமா? வாங்கலாம். நேற்று 88, இன்று 80 என்று ஒரே ஆளுக்கு இறங்கிக்கொண்டே போனால் அதைக் காட்டிக்கொடுக்கும், அந்த வேலைக்கு நல்ல கருவி. 70க்குக் கீழே போனால் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஆனால் இரண்டு பேரை ஒப்பிட்டுப் பார்க்க அதைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீர்கள், அதிகமாக ரத்தம் போகிறவர்கள் கிளம்பும் முன் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள். அப்புறம், பேட்டரி மூடி இரண்டாம் நாளே தளர்ந்துவிட்டது, ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வைத்திருக்கிறோம்.