ஆர்க்டிக் மங்கீஸா லிபர்டைன்ஸா, யாரோட கேரியர் கெத்து?

ரெண்டும் இங்கிலாந்து பேண்டு, ரெண்டும் 2000கள்ல கிட்டாரைத் தூக்கிட்டு வந்த கோஷ்டி, அதனால ப்ளேலிஸ்ட்ல எப்பவும் பக்கத்துப் பக்கத்துலயே வரும். ஆனா வளர்ந்த கதைய எடுத்தா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

லண்டன் பசங்க லிபர்டைன்ஸ் முதல்ல. பீட் டோஹர்ட்டி, கார்ல் பராட்னு பாடி கிட்டார் வாசிக்கிற ரெண்டு உயிர் நண்பர்கள், 1997ல ஆரம்பிச்சு 2002லதான் முதல் ஆல்பமே வந்துச்சு, அதை ப்ரொட்யூஸ் பண்ணது க்ளாஷ் பேண்டோட மிக் ஜோன்ஸ். இவங்க நெட்ல ஒரு வரி போட்டுட்டு குடியிருந்த ஃப்ளாட்லயே கச்சேரி வச்சவங்க. அப்புறம் 2003ல பீட்டோட போதைப் பழக்கம் எல்லை மீறி, அவரை விட்டுட்டு மத்தவங்க ஜப்பான் டூர் கிளம்பிட்டாங்க, அந்தக் கடுப்புல இவரு கார்ல் வீட்டுக்குள்ளயே பூந்து திருடி ஜெயிலுக்குப் போயிட்டாரு. விடுதலையான அன்னைக்கு ஜெயில் கேட்ல காத்துட்டு நின்னது யாருன்னா திருடு கொடுத்த அதே கார்ல்! அன்னைக்கு ராத்திரியே சாத்தம்னு ஒரு ஊர்ல பப்ல சேர்ந்து வாசிச்சாங்க, அங்க எடுத்த போட்டோதான் ரெண்டாவது ஆல்பத்தோட அட்டை. அது 2004ல நம்பர் ஒன், அதே வருஷக் கடைசில பேண்டு க்ளோஸ். மூணாவது ஆல்பத்துக்கு 2015 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு.

மங்கீஸ் கதைல இவ்ளோ மசாலா கிடையாது. ஷெஃபீல்ட் பக்கம் ஹை கிரீன் பசங்க, கச்சேரிக்கு வந்தவங்களுக்கு டெமோ சிடிய சும்மாவே குடுத்தாங்க, அதை ரசிகர்களே நெட்ல ஏத்தி விட்டுட்டாங்க. 2006 ஜனவரில முதல் ஆல்பம், பிரிட்டன்ல மட்டும் முதல் வாரத்துலயே 3.6 லட்சம் காப்பிக்கு மேல, கூடவே வருஷத்தோட சிறந்த ஆல்பத்துக்குக் குடுக்கற மெர்க்குரி ப்ரைஸ் விருது. அதே வருஷம் பேஸ் கிட்டார் வாசிச்ச ஆண்டி நிக்கல்சன் வெளிய போனாரு, நிக் ஓ'மாலி உள்ள வந்தாரு, வண்டி நிக்காம ஓடுச்சு. லிபர்டைன்ஸும் பீட் இல்லாம வேற ஆளை வச்சு டூர் ஓட்டிப் பாத்தாங்கதான், ஆனா கார்லுக்கு மனசு ஒப்பல. எனக்கு இந்த ஒரு இடமே போதும் ரெண்டு பேண்டையும் பிரிச்சுக் காட்ட.

அப்புறம் பழைய ஃபார்முலாவையே அரைச்சுட்டு இருக்காம மங்கீஸ் சட்டைய மாத்திக்கிட்டே இருந்தாங்க பாருங்க, அங்கதான் எனக்கு அவங்க மேல மரியாதை. 2009ல 'க்வீன்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ்' பேண்டோட ஜோஷ் ஹோமி கூட கலிஃபோர்னியா பாலைவனத்துல ரெக்கார்டிங், 2013ல 'ஏஎம்' ஆல்பம் உலகம் பூரா அடிச்சு நொறுக்குச்சு, இன்னொரு 'ஏஎம்' போட்டிருந்தா காசு கொட்டியிருக்கும், ஆனா பேண்டோட பாடகர் அலெக்ஸ் டர்னர் பியானோ முன்னாடி உக்காந்து நிலாவுல ஹோட்டல் இருக்கற மாதிரி 2018ல ஒரு ஆல்பம் எழுதுறாரு. பாதி ரசிகர்கள் தலைல அடிச்சுக்கிட்டாங்க, நானும்தான், மூணு நாலு தடவ கேட்டதுக்கு அப்புறம்தான் பிடிபட்டுச்சு.

அதனால கேரியர்னா என் ஓட்டு மங்கீஸுக்கு, கண்ண மூடிட்டு. ஆனா ராத்திரி 2 மணிக்கு கை தானா தேடிப் போறது லிபர்டைன்ஸோட முதல் ஆல்பத்தைத்தான், என்ன பண்ண.

இதுல ஒரு கூத்து வேற. முதல் ஆறு ஆல்பத்தையும் பிரிட்டன்ல நம்பர் ஒன் ஆக்குன மங்கீஸ், 2022ல ஏழாவது ஆல்பம் போட்டப்போ டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பம் குறுக்க வந்ததால ரெண்டாவது இடத்துல நின்னுட்டாங்க. எல்லாரும் கை கழுவுன லிபர்டைன்ஸ் 2024ல நாலாவது ஆல்பத்தோட வந்து 20 வருஷம் கழிச்சு மறுபடி நம்பர் ஒன்!