கன்ட்ரோலர் ஒன்று, கன்சோல் வேறு: வயர்லெஸ் அடாப்டரை ஆறு மாதம் பயன்படுத்திய பின்

வீட்டில் வீடியோ விளையாட்டுக் கருவிகளான கன்சோல்கள் ஒவ்வொன்றாகச் சேரும்போது, அவற்றைக் கையில் பிடித்து இயக்கும் கன்ட்ரோலர்களும் கூடவே சேர்ந்துவிடுகின்றன. என் மேசை இழுப்பறையில் ப்ளேஸ்டேஷன் 4-க்கு வாங்கிய டுயல்ஷாக் 4 இரண்டும், கணினிக்கென்று வாங்கிய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒன்றும், நின்டெண்டோ ஸ்விட்சோடு வந்த ஜாய்-கான் ஜோடியும் கிடக்கின்றன. இத்தனை இருந்தும், ஸ்விட்சில் இருவர் சேர்ந்து விளையாட உட்கார்ந்தால் ஆளுக்கொரு ஜாய்-கானைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்க வேண்டியிருந்தது. என் கை கொஞ்சம் பெரிது; அரை மணி நேரத்தில் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கிவிடும். புதிதாக இன்னொரு கன்ட்ரோலர் வாங்குவதற்குப் பதில், இருப்பதையே எல்லாக் கன்சோல்களோடும் இணைத்துத் தருவதாகச் சொல்லும் வயர்லெஸ் அடாப்டர் ஒன்றை வாங்கினேன். இவ்வகை அடாப்டர்கள் பல பெயர்களில் விற்கின்றன. நிறைகுறைகளில் பெரும்பாலானவை எல்லாவற்றுக்கும் பொதுவானவை என்பதால் என்னுடையதன் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன்.

பொருள் என்று பார்த்தால் அது ஒரு யுஎஸ்பி முனை, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் உடல், ஒரு சிறு பொத்தான், ஒரு விளக்கு, அவ்வளவுதான். அதன் வேலையோ சற்றுத் தந்திரமானது. கன்ட்ரோலரோடு அது ப்ளூடூத்தில் பேசுகிறது; கன்சோலுக்கு முன்னால் மட்டும், அந்தக் கன்சோலுக்குத் தெரிந்த கன்ட்ரோலர் ஒன்று கேபிள் வழியாகச் செருகப்பட்டிருப்பதுபோல் நடிக்கிறது. இந்த நடிப்பைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தானாகவே விளங்கிவிடும். எனக்கு அது முதல் நாள் புரியவில்லை. ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கில் அடாப்டரைச் செருகி, டுயல்ஷாக்கை இணைத்து, இரண்டு விளக்குகளும் நிலையாக எரிவதைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் வீணாக்கினேன். திரையில் ஓர் அசைவும் இல்லை. ஸ்விட்சின் அமைப்புகளில், கன்ட்ரோலர்களுக்கான பகுதியில், ‘புரோ கன்ட்ரோலர் வயர்டு கம்யூனிகேஷன்’ என்ற ஒரு தெரிவு இருக்கிறது (புரோ கன்ட்ரோலர் என்பது ஸ்விட்சுக்கென்று நின்டெண்டோ தனியே விற்கும் கன்ட்ரோலர்). அதை இயக்கினால்தான் யுஎஸ்பி வழியாக வரும் கன்ட்ரோலர் செய்திகளுக்கு ஸ்விட்ச் காதுகொடுக்கும். அடாப்டரோடு வந்த தாளில் இந்தச் செய்தி கடைசி மூலையில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் இருந்தது.

இணைக்கும் முறை கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறும். முதலில் அடாப்டரின் பொத்தானை அழுத்த வேண்டும். அதன் விளக்கு படபடவென்று மின்னும். டுயல்ஷாக் 4-இல் ஷேர் பொத்தானையும் நடுவிலுள்ள பிஎஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் முன்பக்க விளக்குப் பட்டை இரண்டிரண்டு முறையாக வெட்டி மின்னத் தொடங்கும். அப்போது விரலை எடுத்துவிடலாம். ப்ளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரான டுயல்சென்ஸில் ஷேருக்குப் பதில் கிரியேட் பொத்தான். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் மேல்விளிம்பில் இணைப்புக்கென்றே தனிப் பொத்தான் இருக்கிறது. ஆனால் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2013-இல் வந்த முதல் வடிவத்தில் ப்ளூடூத் கிடையாது. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த வயர்லெஸ் முறையை மட்டுமே அதில் வைத்திருந்தது. ப்ளூடூத் 2016-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் உடன் வந்த கன்ட்ரோலரில்தான் சேர்ந்தது. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது: சின்னம் பொறித்த பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், மேல்விளிம்புப் பொத்தான்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் ப்ளூடூத் இல்லை, கன்ட்ரோலரின் முகப்போடு ஒரே துண்டாக இருந்தால் உண்டு.

ஸ்விட்சில் இந்த அடாப்டர் செய்யும் வேலைக்காகவே இதை வாங்கலாம் என்பது என் கருத்து. டுயல்ஷாக் 4-இல் அசைவை உணரும் ஜைரோ இருப்பதால், கன்ட்ரோலரைச் சாய்த்துக் குறிபார்க்கும் விளையாட்டுகளில் அந்தச் சாய்வும் ஸ்விட்சுக்குப் போய்ச் சேர்கிறது. வில்லை ஏந்திக் கையை நூலளவு திருப்பினால் திரையிலுள்ள குறியும் நூலளவே நகர்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஜைரோவே இல்லை. இல்லாததை எந்த அடாப்டராலும் தர முடியாது. ஆகவே இரண்டும் கையில் இருப்பவர்கள் ஸ்விட்சுக்கு டுயல்ஷாக்கையோ டுயல்சென்ஸையோ ஒதுக்குவது நல்லது. அதிர்வு வேலை செய்கிறது, ஆனால் தரம் இறங்கிவிடுகிறது. ஜாய்-கானின் அதிர்வு மிக நுணுக்கமானது. டுயல்ஷாக்கில் இருப்பதோ பக்கத்துக்கு ஒன்றாகச் சுழலும் இரண்டு மோட்டார்கள். மழைத்தூறல் உள்ளங்கையில் விழுவதுபோல் ஜாய்-கானில் உணர்ந்த இடத்தில், இங்கே பொதுவான ஓர் உறுமல்தான் கேட்கிறது.

இழப்பு வேறொரு திசையிலும் உண்டு. ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களின் பின்பக்க டிரிக்கர்கள் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளந்து சொல்பவை. ஸ்விட்சின் புரோ கன்ட்ரோலரில் அந்த இடத்திலிருக்கும் இசட்எல், இசட்ஆர் இரண்டும் வெறும் பொத்தான்கள். அழுத்தப்பட்டதா இல்லையா என்பதற்கு மேல் அவற்றுக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. அடாப்டர் புரோ கன்ட்ரோலராக நடிப்பதால், கார் பந்தயத்தில் டிரிக்கரைப் பாதி அழுத்தினாலும் ஒன்று முழு வேகம், இல்லையென்றால் வேகமே இல்லை. இதற்கு அடாப்டரைக் குறை சொல்ல முடியாது. அதே டிரிக்கரைக் கணினியில் பழகிய விரலுக்கு மட்டும் முதல் சில நாள் ஏமாற்றமாக இருக்கும்.

பொத்தான்களின் பெயர்க் குழப்பம்தான் எங்கள் வீட்டில் பெரிய வேடிக்கையானது. நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம், பி கீழே; எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்பக்கம்; எக்ஸும் ஒய்யும் அதேபோல் இடம் மாறியிருக்கும். அடாப்டர் எழுத்தைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனிடம் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். திரையில் ஏ என்று வரும்போதெல்லாம் அவன் கீழ்ப்பொத்தானை அழுத்த, எடுத்த பொருளையெல்லாம் அவனுடைய ஆள் கீழே போட்டுக்கொண்டிருந்தான். “ஏ-ன்னுதானே போட்டிருக்கு மாமா, அதத்தான் அழுத்துறேன்” என்றான், அழாத குறையாக. “எழுத்தப் பாக்காதடா, வலது பக்கம் இருக்கிறத அழுத்து” என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அடாப்டரில் ஒரு பொத்தான் சேர்க்கையை அழுத்தி எழுத்துப்படி மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் அப்படி மாற்றினால், நான்கு பொத்தான்களையும் நான்கு திசைகளாகக் கருதும் விளையாட்டுகளில் திசை பிறழ்ந்துவிடும். இடப்படியே விட்டுவிட்டுக் கையைப் பழக்கிக்கொள்வதே மேல் என்று எனக்குப் படுகிறது. டுயல்ஷாக்கில் எழுத்துகளே இல்லாமல் வட்டமும் சதுரமும் இருப்பதால் இந்தத் தொல்லை பாதியாகக் குறைகிறது.

பொத்தானை அழுத்துவதற்கும் அது திரையில் தெரிவதற்கும் இடையே தாமதம் எவ்வளவு என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நொடிக்கு 60 படம் காட்டும் விளையாட்டில் ஒரு படத்துக்கான நேரம் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. தாளத்தோடு பொத்தான் தட்டும் விளையாட்டு ஒன்றைக் கேபிளோடு ஒரு முறையும் அடாப்டரோடு ஒரு முறையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். என் கைக்கு வேறுபாடு தெரியவில்லை, மதிப்பெண்ணிலும் தெரியவில்லை. படம் தாமதிப்பதைக் குறைக்கும் டிவி அமைப்பான கேம் மோடை அணைத்தபோதுதான் தாளம் தப்பியது. போட்டிகளில் சண்டை விளையாட்டு ஆடுபவர்களின் தேவை வேறு. அவர்கள் கேபிளையே பயன்படுத்துவார்கள். மற்றவர்கள் தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் டிவி அமைப்பை ஒரு முறை பார்த்துக்கொள்வது பயன்தரும்.

ஆனால் கணினியில் செருகியபோது வேறொரு கோளாறு தலைகாட்டியது. கன்ட்ரோலரின் இடது குச்சியை முன்னால் தள்ளிப் பிடித்திருக்கும்போதே விளையாட்டிலுள்ள ஆள் நின்றுவிடும். குச்சியை விட்ட பிறகும் இரண்டடி தானாக நடக்கும். அடாப்டர் பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பும் தாளைக்கூட நிரப்பிவிட்டேன். பிறகுதான் பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 வெளி வன்வட்டு (ஹார்ட் டிஸ்க்) செருகியிருந்தது கண்ணில் பட்டது. யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழ்கின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ப்ளூடூத் இயங்குவதும் அதே பகுதியில்தான். ஓரடி நீள யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் அடாப்டரைச் செருகி, மேசையின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து ஒரு தடவைகூட இணைப்பு சறுக்கவில்லை. இந்த நீட்டிப்புக் கேபிளை அடாப்டரோடு சேர்த்தே கொடுத்திருக்கலாம்.

கணினியில் அடாப்டர் தன்னை எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கன்ட்ரோலரின் செய்திகளை விளையாட்டுக்குக் கொண்டுசேர்க்க 2005-இல் அந்தக் கன்சோலோடு வந்த எக்ஸ்இன்புட் முறையைத்தான் விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இன்றும் எதிர்பார்க்கின்றன என்பதால் எந்த மென்பொருளும் நிறுவாமல் எல்லாம் ஓடுகிறது. இந்த முறையில் ஜைரோவுக்கு இடமில்லை; திரையிலும் சதுரம், வட்டத்துக்குப் பதில் எக்ஸ், பி என்றே காட்டும். ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளம் வழியாக மட்டும் விளையாடுபவர்கள், கணினியிலேயே ப்ளூடூத் இருந்தால், டுயல்ஷாக்கை நேரடியாக இணைத்துக்கொள்வதே நல்லது. ஜைரோவும் தொடுபலகையும் அப்போது பயன்படும்.

ப்ளேஸ்டேஷன் 3 பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நன்றாக வேலை செய்கிறது. டுயல்ஷாக் 3-இல் முகப்புப் பொத்தான்களே அழுத்தத்தை அளந்தன; டுயல்ஷாக் 4-இல் அது இல்லை என்பதால், அந்த அளவை நம்பிய சில பழைய விளையாட்டுகளில் மட்டும் கை கட்டுண்டதுபோல் இருக்கும்.

இனி, இந்தப் பொருளின் உறையைப் படித்து நான் ஏமாந்த இடம். ‘எல்லாக் கன்சோல்களுக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் முதலியவை தம்மிடம் செருகப்படும் கன்ட்ரோலரை அடையாளச் சீட்டு கேட்டே உள்ளே விடுகின்றன. கன்சோல் ஒரு புதிரை அனுப்பும். உரிமம் பெற்ற கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் மட்டுமே அதற்கு விடை தர முடியும். விடை வராவிட்டால் ப்ளேஸ்டேஷன் 4 உடனே துரத்திவிடுவதில்லை. ஏறத்தாழ எட்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறது. எதிரிகளின் தலைவனோடு மோதிக்கொண்டிருக்கும்போது எட்டாவது நிமிடம் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் இரண்டு முறை அனுபவித்தேன். சில அடாப்டர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன: அந்தக் கன்சோலுக்கே உரிய அசல் கன்ட்ரோலர் ஒன்றைக் கேபிளால் அடாப்டரில் செருகிவைத்தால், புதிரை அதனிடம் கொடுத்து விடை வாங்கிக் கன்சோலுக்கு அனுப்பும். வயர்லெஸ் என்று வாங்கிய பொருளுக்கு வால்போல் ஒரு கம்பி! அசல் கன்ட்ரோலர் கையில் இருப்பவர் ஏன் அடாப்டரைத் தேடப்போகிறார் என்ற கேள்வியும் எழுகிறது. பழகிய கன்ட்ரோலர்தான் வேண்டும் என்பவர்களுக்கும், உடல் இடர்ப்பாட்டினால் தனிவகைக் கன்ட்ரோலரை நம்பியிருப்பவர்களுக்கும் அந்த வழி பயன்படலாம்.

எக்ஸ்பாக்ஸில் நிலைமை இன்னும் இறுகிவிட்டது. அங்கீகாரமில்லாத துணைக்கருவிகளைத் தடுக்கும் நடவடிக்கையை மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பர் 12 முதல் நடைமுறைப்படுத்தியது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த கருவிகள்கூடப் பிழைச்செய்தியோடு நின்றன. ப்ளேஸ்டேஷன் 5-இலோ, டுயல்ஷாக் 4-ஐ வைத்து ப்ளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளைத்தான் ஆட முடியும். கன்சோலில் நேரடியாக ஓடும் ப்ளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளுக்கு அதே நிறுவனம் செய்த கன்ட்ரோலருக்கே அனுமதி இல்லை எனும்போது மூன்றாமவரின் அடாப்டருக்கு என்ன நிலை இருக்கும்? ஆகவே புதிய ப்ளேஸ்டேஷனையோ எக்ஸ்பாக்ஸையோ மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாங்க நினைப்பவர்களுக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே.

சில்லறைத் தொல்லைகளும் இருக்கின்றன. உறங்கும் ஸ்விட்சை டுயல்ஷாக்கின் பொத்தானால் எழுப்ப என் அடாப்டரால் முடியவில்லை; எழுந்து போய்க் கன்சோலின் பொத்தானையே அழுத்துகிறேன். கன்ட்ரோலரிலுள்ள ஹெட்ஃபோன் துளை ஊமையாகிவிடுகிறது. அடாப்டரோடு இணைத்த டுயல்ஷாக் தன் பழைய ப்ளேஸ்டேஷனை மறந்துவிடும். திரும்பச் சேர்க்க ஒவ்வொரு முறையும் கேபிளை எடுத்துச் செருகியாக வேண்டும். கன்சோல் நிறுவனம் புதுப்பிப்பு வெளியிட்டால் அடாப்டரும் சில சமயம் தனக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால், வாங்கும்போது அதைச் செய்தவர்கள் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து தருகிறார்களா என்று பார்ப்பது அவசியம். புதுப்பிப்புக்குக் கணினி ஒன்று வேண்டும். கன்சோல் வழியாகச் செய்ய முடியாது.

ஓர் அடாப்டருக்கு ஒரு கன்ட்ரோலர்தான் என்பதை நான் வாங்கிய பிறகே கவனித்தேன். அக்கா மகன் அடுத்த விடுமுறைக்கு வருவதற்குள் இரண்டாவது ஒன்றையும் வாங்கிவிட்டேன். இரண்டும் அச்சுமாறாமல் ஒன்றுபோலவே இருந்ததால், எது எந்த டுயல்ஷாக்கோடு இணைந்தது என்று தெரிய, ஒன்றின் முதுகில் அவனே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தான்.