35 நாளா, 42 நாளா: சிவப்பணுப் பையின் இரு கரைசல்கள்

மழைக்காலத்தில் இரத்ததான முகாம்கள் தள்ளிப்போகும் கடலூரில், சிவப்பணுப் பை கூடுதலாக ஒரு வாரம் தாங்குவது சிறிய காரியமன்று. 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் இரத்தம் எடுக்கும்போதே பையில் இருக்கும் சிபிடிஏ-1 என்னும் காப்புக் கரைசல் 35 நாளும், எஸ்ஏஜிஎம் என்னும் கரைசல் 42 நாளும் அணுக்களைக் காக்கின்றன. முன்னதில், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்கும்போதே, அணுக்களுக்கு ஊட்டமான குளுக்கோசும் அடினினும் பெரும்பகுதி அதனோடு போய்விடுகின்றன. பிரித்தபின் சேர்க்கப்படும் எஸ்ஏஜிஎம் அந்த இழப்பை ஈடுசெய்வதோடு, அதிலுள்ள மானிட்டால் அணுக்கள் சிதைந்து ஹீமோகுளோபின் கசிவதையும் குறைக்கிறது. பாகுபோல் தடித்து மெல்லச் சொட்டும் சிபிடிஏ-1 பைக்கும், நீர்த்துச் சரளமாக இறங்கும் எஸ்ஏஜிஎம் பைக்கும் உள்ள வேறுபாடு குழாயிலேயே தெரியும். ஆகவே பொதுப் பயன்பாட்டுக்கு எஸ்ஏஜிஎம்மே என் தேர்வு. ஆயினும், ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விடுவிக்க உதவும் 2,3-டிபிஜி என்னும் அணுக்களிலுள்ள சேர்மம் இரண்டிலுமே ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடுவதால், பச்சிளங்குழந்தைக்கு மிகுதியாக ஏற்ற நேர்ந்தால் கரைசலின் பெயருக்கு முன்பாகப் பையில் எழுதிய, இரத்தம் எடுத்த தேதியையே பார்ப்பேன்.