ஹோஸ் நட்டைக் கழட்ட வந்தவர் சுவரை உடைச்சிட்டுப் போனார் – உஷார்!

மாடித்தோட்டத்துக்கும் கார் கழுவவும் ஹோஸ் வெச்சிருக்கிற எல்லாரும் இதைப் படிச்சிடுங்க.

எங்க ஏரியா ஹார்டுவேர் கடையில "அசல் பித்தளை சார்"னு சொல்லி ஒரு ஹோஸ் கனெக்டர் (ஹோஸை டேப்போட நட்டு போட்டு இணைக்கிற துண்டு) கொடுத்தாங்க. வருஷம் திரும்பல, ஹோஸ் மாட்டுற மூக்கு முறிஞ்சு விழுந்துச்சு. நட்டு மட்டும் டேப் வாயில இறுகிக்கிச்சு. முறிஞ்ச இடம் மஞ்சளாவே இல்ல. சாம்பல் நிறத்துல பொரபொரன்னு இருந்தது. துத்தநாகக் கலவைக்குத் தங்க நிறம் பூசி வித்திருக்காங்க. பித்தளை டேப்போட ஒட்டி எந்நேரமும் ஈரத்துல கிடந்தா துத்தநாகம்தான் அரிச்சுப் போகும், போர் தண்ணி உப்பா இருந்தா இன்னும் வேகமா. அந்த வெள்ளைப் பொடி மரைக்குள்ள அடைச்சு நட்டை அசைய விடாது.

அதே கடைக்காரர் ஒரு பிளம்பரை அனுப்பினார். கூலி 300 ரூபாய்னு பேச்சு. வந்தவர் பெரிய பைப் ரெஞ்சை நட்டுல மாட்டினார், டேப்பைப் பிடிக்கவே இல்ல. "அண்ணே, டேப்பை இன்னொரு ரெஞ்சால பிடிச்சுக்கங்க"ன்னேன். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார், தள்ளி நில்லுங்க"ன்னார். ஒரே அழுத்து. நட்டு அசையல, டேப் பக்கவாட்டுல சாய்ஞ்சு சுவருக்குள்ள இருந்த சிபிவிசி எல்போ (பிளாஸ்டிக் பைப்போட வளைவு இணைப்பு) விரிஞ்சு தண்ணி பீய்ச்சியடிச்சது. உடனே "லைன் பழசு சார்"ங்கிறார்! டைல்ஸை உடைச்சு, எல்போ மாத்தி, புது டேப் போட்டு 3,800 ரூபாய் வாங்கிட்டுப் போனார். கடைக்காரர் கை விரிச்சிட்டார். எனக்கு இன்னும் வயிறு எரியுது.

கழட்டிப் போட்ட டேப்பைப் பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த பெரியவர் அதை வைஸ்ல இறுக்கி, ஆக்ஸா பிளேடால நட்டுக்குக் குறுக்கே சாய்வா ஒரு கோடு அறுத்தார். மரையைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டார். அந்த வெட்டுல தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு திருப்பு. நட்டு பிளந்து கையோட வந்துடுச்சு. டேப் மரைக்கு ஒரு சேதாரமும் இல்ல. காசும் வாங்கல. இந்த வேலையைச் சுவர்ல இருக்கும்போதே பொறுமையா செஞ்சிருக்கலாம்.

வாங்கும்போது கனெக்டரோட உள்பக்கத்துல அரத்தால லேசா உரசிக் காட்டச் சொல்லுங்க. பித்தளைன்னா உள்ளேயும் மஞ்சள்தான். வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க. இறுகின நட்டைக் கழட்ட யாராவது ஒத்தை ரெஞ்சோட வந்தா டேப்பைத் தொடவே விடாதீங்க.