ஐபீஸ் செட்டுன்னு 7,800 ரூபாய் போச்சு, யாரும் ஏமாறாதீங்க

நேத்து ராத்திரிதான் சந்தேகம் தீர்ந்தது. தொலைநோக்கியில் கண் வச்சுப் பார்க்கிற லென்ஸ்தான் ஐபீஸ். 7,800 ரூபாய் கொடுத்த ஐபீஸ் செட்டில் சொன்னது எல்லாமே பொய். சூட்டோட சூடா எழுதிடறேன்.

விற்றது தொலைநோக்கிப் பாகங்கள் மட்டும் விற்கிற ஒரு ஆன்லைன் கடை. எல்லை தாண்டி ஆந்திராவில் இருந்து அனுப்புறாங்க, வாணியம்பாடிக்கு ரெண்டே நாளில் கூரியர் வந்துடுச்சு. விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 20 மி.மீ., 6 மி.மீ. குவியத் தூர ஐபீஸ், ரெண்டும் 68 டிகிரி அகலப் பார்வை, பிரதிபலிப்பைக் குறைக்கிற மல்டி கோட்டிங், கூடவே உருப்பெருக்கத்தை 3 மடங்காக்குற பார்லோ லென்ஸ்.

நம்ப வச்சது ஒரே ஒரு கேள்வி. போன் பண்ணதுமே, "சார், உங்க ஸ்கோப் எஃப்/5-ஆ, எஃப்/8-ஆ?"ன்னு கடைக்காரர் கேட்டார். ஸ்கோப்போட குவியத் தூரத்தை அதன் கண்ணாடி விட்டத்தால் வகுத்தா வர்ற எண் அது. விஷயம் தெரிஞ்ச ஆள்தான் இப்படிக் கேட்பான்னு தோணிடும். 6 அங்குல (150 மி.மீ.) கண்ணாடி உள்ள டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி, குவியத் தூரம் 1200 மி.மீ., எஃப்/8ன்னு சொன்னதும், "அப்ப கவலையே வேண்டாம் சார்"னார். எஃப்/5-ல் மட்டமான ஐபீஸ் ஓரத்தில் உடனே பல்லிளிச்சுடும், எஃப்/8-ல் பாதிக் குறை மறைஞ்சுக்கும். எதுக்காகக் கேட்டார்னு இப்பதான் புரியுது.

ஸ்கோப்போட குவியத் தூரம் 1200-ஐ ஐபீஸோட 20-ஆல் வகுத்தா 60 மடங்கு பெரிசாத் தெரியும். 68 டிகிரி உண்மைன்னா, 68-ஐ 60-ஆல் வகுத்து வானத்தில் 1.13 டிகிரி தெரியணும். இதைச் சோதிக்க ஸ்டாப்வாட்ச் போதும். ஓரியன் பட்டையின் மேற்கு ஓர நட்சத்திரம் மிண்டாகா, வான நடுக்கோட்டை ஒட்டியே இருக்கு. 4 நிமிஷத்தில் 1 டிகிரி நகரும். ஸ்கோப்பை அசைக்காம, அது ஒரு விளிம்பில் நுழைஞ்சு நடுவழியாப் போய் எதிர் விளிம்பில் மறையுற நேரத்தைக் குறிக்கணும். 4 நிமிஷம் 32 வினாடி வரணும். மூணு தடவையும் வந்தது 2 நிமிஷம் 40 வினாடி. அப்படின்னா வானத்தில் தெரிஞ்சது 0.67 டிகிரி, 60-ஆல் பெருக்கினா வெறும் 40 டிகிரி!

கோட்டிங்கும் பொய். டியூப் லைட்டுக்குக் கீழே சாய்ச்சுப் பிடிச்சா, கோட்டிங் உள்ள கண்ணாடியில் விளக்கோட பிம்பம் மங்கலா, பச்சையா, ஊதாவாத் தெரியும். இதில் வெள்ளை வெளேர்னு தெரியுது. 6 மி.மீ.-யோட அந்த பார்லோவைப் போட்டா 600 மடங்கு. 150 மி.மீ. கண்ணாடிக்கு 300-தான் உச்சம், அதுவும் காற்று அலையாத ராத்திரியில். அதுக்கு மேல பெரிய மங்கல் மட்டும்தான்.

நட்சத்திரம் புள்ளியா இல்லாம இழுபட்டுத் தெரியுதேன்னு கேட்டா முதல் பதில், "உங்க ஸ்கோப்ல கொலிமேஷன் போயிருக்கும் சார்." அதாவது உள்ளே இருக்கிற கண்ணாடிகள் நேரா அமையலையாம். ஐபீஸை அது இருக்கிற இடத்திலேயே மெதுவாத் திருகினா, நட்சத்திரத்தோட இழுப்பும் கூடவே சுத்துது. குறை ஸ்கோப்பில் இருந்தா அது சுத்தாது. இதைச் சொன்னதும், "உங்க ஊர் வானம் சரியில்லை"ன்னார். காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிக்குதே, அதே ஜவ்வாது மலை அடிவாரத்து வானம் இது! கடைசியா, "பாக்ஸ் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காம எப்படிங்க சோதிக்கிறது? அதுக்கப்புறம் போனையே எடுக்கல. 7,800 ரூபாய். ரெண்டு நல்ல பிளோசல் வகை ஐபீஸ் வந்திருக்கும்.

ஐபீஸ் தேர்ந்தெடுக்கிறதைப் பத்தி விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப மனசு ஓடல. இதை மட்டும் பிடிச்சுக்குங்க. செட்டா வாங்காதீங்க, முதல்ல 25 மி.மீ. பிளோசல் ஒண்ணு, பிறகு 10 மி.மீ. ஒண்ணு போதும். மூக்குக் கண்ணாடியோட பார்க்கிறவங்களுக்கு மி.மீ. குறைஞ்ச பிளோசல் வேண்டாம், கண்ணைத் தேவையான அளவு கிட்டக் கொண்டுபோகவே முடியாது. ஐபீஸ் குழாயோட விட்டம் 1.25 அங்குலமான்னு கேளுங்க, பழைய 0.965 அங்குலத்துக்கு பிளாஸ்டிக் வளையம் மாட்டி அனுப்புறாங்க. பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லில் டிகிரி, கோட்டிங் எல்லாம் எழுதி வாங்குங்க. 7,800 ரூபாய்க்கு இவங்க கொடுத்த பில்லில் "லென்ஸ் செட்"னு ரெண்டே வார்த்தைதான் இருக்கு.