ஆர்வி கூரையில் முதல் இடம் யாருக்கு: பேனலுக்கா, ஆன்டெனாவுக்கா?

அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஆர்வி வண்டிகள், அதாவது உள்ளேயே வீடு போல் தங்கி வாழும் வசதியுள்ள வண்டிகள், மாதக்கணக்கில் தங்கலாம். அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை அதற்கென்றே அங்கே பெரும்பரப்பை ஒதுக்கியிருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் கரண்ட் கிடையாது, கேபிள் இன்டர்நெட்டும் கிடையாது. இரண்டையும் வானத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அதற்கு இருப்பது ஒரே கூரை.

அந்தக் கூரையும் நாம் நினைப்பது போல் காலியாக இல்லை. 28 அடி ட்ரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் எட்டடி. நடுவில் ஏசி, 14க்கு 14 அங்குலத்தில் இரண்டு ஃபேன் வென்ட், குளியலறைக்கு மேல் ஸ்கைலைட், ஃப்ரிட்ஜ் வென்ட், கழிவுக் குழாயின் காற்றுப்போக்கிகள், பின்னால் ஏணி. மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் சோலார் பேனல், 5ஜி ஆன்டெனா, செயற்கைக்கோள் இன்டர்நெட்டுக்கான ஸ்டார்லிங்க் டிஷ், டிவி ஆன்டெனா எல்லாம் போட்டி போடுகின்றன. இதை மூன்று விதமாக அடுக்குகிறார்கள்: ஆன்டெனாக்களை முதலில் பொருத்திவிட்டு இடைவெளிகளில் பேனல் போடுவது, கூரை முழுவதையும் பேனலுக்குக் கொடுத்துவிட்டு ஆன்டெனாக்களைப் பின்பக்கக் கம்பத்துக்கு அனுப்புவது, ஏசிக்கு மேலே ஒரு சட்டம் கட்டி எல்லாவற்றையும் அதில் ஏற்றுவது.

எது நல்லது என்று பார்க்கும் முன் நிழலைப் பேசியாக வேண்டும். வெயில் காலத்தில் திட்டம் போடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

குவார்ட்ஸைட்டில் ஜூன் மாத நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே, 80 பாகையில் நிற்கும். டிசம்பர் 21 அன்று அதே நண்பகலில் 33 பாகையைத் தாண்டாது. ஓரடி உயரமுள்ள ஏசியின் நிழல் ஜூனில் இரண்டு அங்குலம். டிசம்பரில் நண்பகலிலேயே ஒன்றரை அடி, காலை 9 மணி வாக்கில் மூன்றடிக்கு மேல். வண்டி எந்தத் திசையில் நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் அந்த நிழல் ஏசியின் எந்தப் பக்கமும் விழலாம்.

பேனலில் நிழல் விழுந்தால் விழுந்த அளவுக்கு மட்டும் நஷ்டம் என்பதில்லை. 100 வாட் பேனல் ஒன்றில் வழக்கமாக 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லை முழுதாக மூடினாலே அந்த வரிசையின் ஓட்டம் தடைபடும். பைபாஸ் டயோடு அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும், அதற்கு விலையாகப் பேனலில் பாதி போய்விடும். ஓர் உள்ளங்கை அகலமுள்ள ஆன்டெனாக் குமிழ் இதற்குப் போதும். மெல்லிய குச்சி ஆன்டெனா செல்லின் ஒரு கீற்றை மட்டும் மறைப்பதால் அவ்வளவு சேதம் செய்யாது.

இப்போது முதல் முறை, அதாவது ஆன்டெனா முதலில். இதற்கு வலுவான காரணம் உண்டு: கேபிள். மெல்லிய எல்எம்ஆர் 195 ரக கேபிளில் 2.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 20 அடி ஓடினால் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். தடித்த எல்எம்ஆர் 400 போட்டாலும் கால்வாசி போகும். அந்தக் கேபிளை அலமாரிக்குள் வளைத்துத் திருப்புவதும் லேசான வேலையில்லை. ரவுட்டருக்கு நேர் மேலே ஆன்டெனாவை வைத்து ஐந்தடி கேபிளில் முடித்துவிட்டால் இந்தத் தலைவலி கிடையாது. ஓடும் வண்டியிலும் இன்டர்நெட் வேண்டும் என்பவர்களுக்கு ஆன்டெனா கூரையில்தான் இருந்தாக வேண்டும்.

ஆனால் பேனல்களுக்கு நடுவே செருகிய 5ஜி குமிழ் முழுத்திறனைத் தராது. செல் டவர் எப்போதும் தொடுவானத்தை ஒட்டியே இருக்கும். சிக்னல் பக்கவாட்டில்தான் வந்து சேரும். தாங்கிகள் மேல் நிற்கும் பேனலின் அலுமினியச் சட்டம் குமிழின் உயரத்துக்கு வந்துவிடுவதால் அந்தப் பாதையிலேயே குறுக்கே நிற்கிறது. குளிர்காலத்தில் பேனலைச் சாய்த்தால் நிலைமை இன்னும் மோசம், டவர் இருக்கும் பக்கம் ஓர் உலோகச் சுவரே எழும்பிவிடும். ஆன்டெனா பேனலின் மேல்விளிம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்படி உயர்த்தினால் அதன் நிழல் நீளும். இந்த முறையின் அடிப்படைச் சிக்கலே இந்த இழுபறிதான். கூரையின் முன்விளிம்பிலோ பின்விளிம்பிலோ ஒதுக்கி வைப்பது ஒன்றுதான் கொஞ்சம் கைகொடுக்கும். ரப்பர் அல்லது ஃபைபர் கூரையில், கீழே உலோகப் பரப்பு இருந்தால்தான் சரியாக வேலை செய்யும் ரக ஆன்டெனாவுக்கு அடியில் ஓர் உலோகத் தகடும் வேண்டும்.

இரண்டாவது முறையில் கூரை பேனலுக்கு, ஆன்டெனா பின்னால் ஏணியோடு கட்டிய கம்பத்துக்கு. என் தேர்வு இதுதான். பேனல் கூரையில் ஒருமுறை இறுக்கினால் இறுக்கியதுதான், நிழல் வந்தால் நகராது. டிஷ்ஷையோ மேலே இழுத்து நீட்டும் கம்பத்தில் ஏற்றலாம், மரம் மறைத்தால் கேபிள் போகும் தூரம் வரை தரையில் கொண்டுபோய் வைக்கலாம். நகரக்கூடியதை நகர விட்டு, நகர முடியாததற்கு நல்ல இடத்தைக் கொடுப்பதுதான் முறை. கம்பத்தில் நிற்கும் ஆன்டெனா கூரையில் இருப்பதைவிடப் பத்தடி உயரத்தில் இருந்தால் தூரத்து டவருக்கு அது பெரிய உதவி.

குறைகளும் இல்லாமலில்லை. கேபிள் நீளும், அதைச் சமாளிக்க ரவுட்டரை வண்டியின் பின்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். பாலைவனக் காற்று சுழற்றி அடிக்கும் இரவில் கம்பத்தைக் கயிறு கட்டி நிறுத்த வேண்டும். கிளம்பும் முன் இறக்கி மடக்க வேண்டும். தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு இது சலிக்கும். நாள்கணக்கில் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

இங்கே ஸ்டார்லிங்க்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இடத்தை மட்டுமல்ல, மின்சாரத்தையும் கேட்கிறது. வழக்கமான டிஷ் 75 முதல் 100 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் இரண்டு யூனிட்டை ஒட்டி. டிசம்பரில் 400 வாட் பேனலைக் கூரையில் தட்டையாகப் படுக்க வைத்தால் குவார்ட்ஸைட் வெயிலிலேகூட நாளுக்கு ஒரு யூனிட்டை ஒட்டித்தான் கிடைக்கும். அதாவது டிஷ் மட்டுமே கூரை தருவதைப்போல் இரு மடங்கு தின்றுவிடும். 2024இல் வந்த மினி டிஷ் 25 முதல் 40 வாட்டில் ஓடுகிறது, எடை ஒரு கிலோ சொச்சம், 12 வோல்ட்டில் நேரடியாக இணைக்கலாம். கம்பத்தில் ஏற்றவும் அதுதான் தோது. பெரிய டிஷ்ஷை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேனலுக்குக் கூரையில் இடம் தேடுவதைவிட, மினிக்கு மாறி அந்த இடத்தை நடைவழியாக விடுவது எவ்வளவோ மேல்.

மூன்றாவது முறை உயர்த்திய சட்டம். பேனல் ஏசியைவிட மேலே போய்விடுவதால் நிழல் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். ஸ்ப்ரின்டர், ப்ரோமாஸ்டர் போன்ற வேன்களுக்கு மிகப் பொருத்தம். பிக்கப் டிரக்கின் தொட்டியில் மாட்டி இழுக்கும் பெரிய ஃபிஃப்த் வீல் ட்ரெய்லருக்கு வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வண்டியின் உயர வரம்பு 13 அடி 6 அங்குலம். அந்த வண்டிகள் பலவும் ஏற்கெனவே அதை உரசிக்கொண்டுதான் ஓடுகின்றன. ஏசியின் சூடான காற்று வெளியேறும் பக்கத்தைப் பேனலால் மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிவி ஆன்டெனா பற்றிச் சுருக்கமாக: மேலே ஏற்றி இறக்கும் இறக்கை வடிவ மாடல் என்றால், மடங்கிப் படுக்கும் இடம் முழுவதையும் காலியாக விட வேண்டும். அதில் டிவி பார்ப்பதே இல்லையென்றால் கழற்றிவிடுங்கள், ஒரு பேனலுக்கு இடம் கிடைக்கும்.

எந்த முறையானாலும் வயரிங்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நான்கு பேனல் இருக்கிறது என்றால், அத்தனையையும் தொடரிணைப்பில் போட்டால் வயர் மெலிதாகப் போதும், ஆனால் ஒன்றில் விழும் நிழல் மொத்த வரிசையையும் தொந்தரவு செய்யும். நான்கையும் பக்க இணைப்பில் போட்டால் நிழலைத் தாங்கும், ஆனால் தடித்த வயரும் ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸும் தேவை. இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்ப்பதே நடைமுறைக்கு நல்லது. ஜோடி சேர்க்கும்போது ஏசிக்கு முன்னால் இருக்கும் இரண்டை ஒன்றாகவும், பின்னால் இருக்கும் இரண்டை ஒன்றாகவும் கட்டுங்கள். ஒரு பக்கம் நிழலில் இருக்கும்போது மறுபக்கம் முழுசாக வேலை செய்யும். பேனல் வயரையும் ஆன்டெனா கேபிளையும் ஒரே கட்டாகக் கட்ட வேண்டாம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் கிளப்பும் இரைச்சல் ரேடியோவிலும் டிவியிலும் தெரியும்.

துளை போடும் முன் ஒரு நாள் செலவழியுங்கள். ஒவ்வொரு பேனலின் அளவுக்கும் அட்டை வெட்டிக் கூரையில் ஒட்டுங்கள். ஆன்டெனாக் குமிழுக்குப் பதில் அதே உயரத்தில் ஒரு டப்பா. காலை 9, நண்பகல், பிற்பகல் 3 மணிக்கு ஏணியிலிருந்து போட்டோ எடுங்கள், வண்டியைத் திருப்பி நிறுத்தி இன்னொரு முறை எடுங்கள். டிசம்பர் வெயிலில் செய்ய முடிந்தால் மிக நல்லது. கோடையில் என்றால் நிழலின் நீளத்தைக் கணக்குப் போட்டு அட்டையில் கோடு கிழியுங்கள். வென்ட்களையும் துளைகளையும் சுற்றியுள்ள சீலன்ட்டைச் சில மாதத்துக்கு ஒருமுறை முழங்காலிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு ஓரடி நடைவழியையும் அந்த அட்டைகளுக்கு நடுவிலேயே குறித்துவிடுங்கள்.