கிண்டிலில் த்ரில்லர் போடுகிறவர்கள் கவனத்துக்கு: ‘ரிவ்யூ பேக்கேஜ்’ பக்கம் போகாதீர்கள்

கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு சஸ்பென்ஸ் நாவல் எழுதி, இந்த ஜனவரியில் அமேசானின் மின்புத்தகத் தளமான கிண்டிலில் நானே வெளியிட்டேன். தோத்தாபுரி மாங்காய் சீசன், லோடு வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற ஜூன் மாதம், எடைமேடை ஆள் ஒருவர் காணாமல் போகிறார். யார் செய்தது என்பது 18ஆம் அத்தியாயத்தில்தான் தெரியும். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இரண்டு மாதத்தில் 11 பிரதிதான் போனது. என் மச்சான் எழுதிய ஒரே ரிவ்யூவும் காணாமல் போனது. சொந்தக்காரர்கள் எழுதக் கூடாது என்பது அமேசான் விதி, எனக்கு அப்போது தெரியாது. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. “சார், எங்ககிட்ட தமிழ் வாசகர் குழு இருக்கு, புத்தகத்தை வாங்கிப் படிச்சிட்டு நேர்மையா எழுதுவாங்க, 25 ரிவ்யூ, 6,000 ரூபாய்.” காசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது தப்பில்லையா என்று நான் கேட்கத்தான் செய்தேன். “இது ரிவ்யூவுக்கு இல்ல சார், ஒருங்கிணைப்புக் கட்டணம்” என்றார். நம்பினேன், ஏனென்றால் நம்ப வேண்டும் போல இருந்தது. பணத்தை ஜிபேயில் அனுப்பினேன், கேட்டார் என்று முழு நாவலையும் பிடிஎஃப்பாக அனுப்பினேன். அதுதான் பெரிய தவறு.

நான்கே நாளில் 22 ரிவ்யூ, எல்லாம் ஐந்து ஸ்டார். முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் நிதானமாகப் படித்தால், “கீழே வைக்க முடியவில்லை” என்று ஆறு பேர் அச்சு மாறாமல் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் இன்ஸ்பெக்டரின் துணிச்சலைப் பாராட்டியிருக்கிறார், என் கதையில் துப்பு துலக்குவது எடைமேடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. மற்றதெல்லாம் புத்தகக் குறிப்பிலிருந்தும் இலவச மாதிரிப் பக்கங்களிலிருந்தும் எடுத்தது. கேடிபியில் (கிண்டிலில் நாமே புத்தகம் போடும் அமேசான் பக்கம்) விற்பனை அறிக்கையைத் திறந்து பார்த்தேன். அந்த வாரம் விற்றது 3 பிரதி, சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் படிக்கப்பட்டது 64 பக்கம். 22 பேர் எதைப் படித்தார்கள்?

ஒருவர் மட்டும் பிடிஎஃப்பைத் திறந்திருக்கிறார், அதுவும் கடைசி அத்தியாயத்தை. முதல் வரியிலேயே கொலையாளியின் பெயரைப் போட்டு, “இவர்தான் என்று எதிர்பார்க்கவே இல்லை, சூப்பர் ட்விஸ்ட்” என்று எழுதிவிட்டார். அது போய் மேலே உட்கார்ந்துகொண்டது. பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி, ஒன்பதாவது அத்தியாயம் வரை படித்துவிட்டு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கப் போய், அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டதாக எனக்கு எழுதினார்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது தர்மபுரியில் வாடகை நூலகத்திலிருந்து அம்மா மாத நாவல் எடுத்து வருவார். சிலதில் யாரோ முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள். அம்மா அதை ரப்பர் வைத்து அழித்துவிட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார், தான் படித்துக் கெட்டாலும் நாங்கள் கெடக் கூடாது என்று. அந்தப் பென்சில் வேலையை என் புத்தகத்தில் செய்ய நானே 6,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

அந்த ரிவ்யூவை எடுக்கச் சொன்னதற்கு இன்னும் 1,500 ஆகும் என்றார்கள். மறுத்தேன், நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து 22ம் ஒரே நாளில் நீக்கப்பட்டன, கூடவே இடையில் உண்மையான வாசகர்கள் எழுதியிருந்த இரண்டும் போய்விட்டன. விதியை மீறியது நான், யாரிடம் போய் முறையிடுவது? பிடிஎஃப் இப்போது ஒரு டெலிகிராம் குழுவில் சுற்றுகிறது. பணம் போனதற்கு சைபர் குற்ற உதவி எண் 1930இல் புகார் கொடுத்திருக்கிறேன், நீங்களும் ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் உடனே கூப்பிடுங்கள்.

இனிமேல் போடப் போகிறவர்களுக்கு: யாராவது எண்ணிக்கை சொல்லி ரிவ்யூ விற்றால் அங்கேயே நிறுத்துங்கள். அவர்கள் காட்டும் வாசகர்களின் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஒரே நாளில் மிக்ஸிக்கும் போன் கவருக்கும் ஏழு நாவலுக்கும் ஐந்து ஸ்டார் இருக்கும். இலவசப் பிரதி கொடுப்பதை அமேசான் தடுக்கவில்லை, பதிலுக்கு ரிவ்யூ வேண்டும் என்று கட்டாயப்படுத்தத்தான் கூடாது. கேடிபி செலக்ட்டில் (மின்புத்தகத்தை அமேசானில் மட்டும் விற்க ஒப்புக்கொள்ளும் திட்டம்) இருந்தால் 90 நாளில் 5 நாள் புத்தகத்தையே இலவசமாக விடலாம், தெரியாதவர்களுக்கு பிடிஎஃப் அனுப்ப அவசியமே இல்லை.

நீக்கப்பட்ட அந்த இரண்டில் ஒன்று ஓசூர்க்காரர் ஒருவர் எழுதியது, மூன்று ஸ்டார். எடைமேடைத் தில்லுமுல்லு நன்றாக வந்திருக்கிறது, ஆறாவது அத்தியாயத்திலிருந்து எட்டு வரை இழுவை, முடிவைச் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தார். அவர் சொன்ன மூன்று அத்தியாயங்களையும் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். ரிவ்யூவைத் திரும்பப் போடுங்கள் என்று அவரிடம் கேட்க மட்டும் இன்னும் வாய் வரவில்லை.